பர்மாவில் விட்டு வந்த சொத்துகளின் கணக்கு: வெளியுறவு அமைச்சகத்துக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு வெளியுறவுத் துறை அமைச்சர் அவர்களுக்கும், வெளியுறவுக்கான நாடாளுமன்ற நிலைக்குழுவின் தலைவர், உறுப்பினர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

பர்மாவில் இந்தியர்கள் விட்டு வந்த சொத்துகளைப் பற்றித் தங்களுக்கு எழுதுகிறேன். விடுதலைக்குப் பிறகு பர்மிய அரசு அந்தச் சொத்துகளை இரண்டு கட்டங்களாக எடுத்துக்கொண்டது. 1948இல் இயற்றப்பட்டு 1953இல் திருத்தி எழுதப்பட்ட நில நாட்டுடைமைச் சட்டத்தால் முதலில் வயல்கள் போயின; 1963, 1964 ஆண்டுகளில் வங்கிகளும் வணிகமும் தெருமுனைக் கடைகளும் போயின. இவற்றை மியான்மரிடமிருந்து மீட்டுத் தாருங்கள் என்று கேட்பதற்காக இதை எழுதவில்லை. 2021 பிப்ரவரியில் நடந்த இராணுவப் புரட்சிக்குப் பின் உள்நாட்டுப் போரில் சிதைந்து கிடக்கும் ஒரு நாட்டிடம் போய் அறுபது ஆண்டுப் பழைய கடனைக் கேட்பது பயனற்றது என்பது எனக்குத் தெரியும். அங்குள்ள எளிய மக்களின் இன்றைய நிலையைப் பார்த்தால் கேட்க மனமும் வராது. என் கோரிக்கை தில்லியோடு தொடங்கி தில்லியோடு முடிகிறது. எங்கள் பெயரால் என்ன கேட்டீர்கள், எதைப் பெற்றீர்கள், எதைக் கைவிட்டீர்கள், ஏன் கைவிட்டீர்கள் என்ற கணக்கை வைக்க வேண்டும் என்பதே அது.

வரலாற்றைச் சற்று விரித்துச் சொல்ல அனுமதிக்க வேண்டுகிறேன், ஏனெனில் அதில் எங்களுக்குச் சாதகமில்லாத பகுதியும் உண்டு. 1852ஆம் ஆண்டுப் போருக்குப் பின் கீழ் பர்மா ஆங்கிலேயர் வசமாகி, ஐராவதி கழிமுகத்துக் காடுகள் நெல் வயல்களாக மாறத் தொடங்கியபோது, ஆங்கிலேய வங்கிகள் போக மறுத்த ஊர்களுக்குச் செட்டிநாட்டு நகரத்தாரின் வட்டிக்கடைக் கிட்டங்கிகள் போயின. முகவராக மேலாளும் அவருக்கு உதவியாக அடுத்தாளும் பெட்டியடிப் பையனும் மூன்றாண்டுக் கணக்குக்குப் போய், பெகு, தராவடி, பியாப்பொன் என்று உள்நாட்டில் தங்கி, விதைப்புக் காலத்தில் கடன் கொடுத்து அறுவடையில் வாங்கினர். 1930இல் பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு, நகரத்தார் முதலீட்டை ஏறத்தாழ 75 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது. அதே ஆண்டில் உலகப் பொருளாதார மந்தம் நெல் விலையைப் பாதிக்கும் கீழே தள்ளியது. கடனைக் கட்ட இயலாத பர்மியக் குடியானவர்களின் நிலங்கள் கடனுக்கு ஈடாகக் கைமாறின. கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் நூற்றுக்கு 6 பங்காக இருந்த நகரத்தார் நிலவுடைமை, 1937 வாக்கில் நூற்றுக்கு 25 பங்காகிவிட்டது. நிலம் வாங்க வேண்டும் என்ற ஆசையால் நேர்ந்ததன்று இது; பணத்தைத்தான் அவர்கள் திரும்பக் கேட்டார்கள். ஆனாலும் தன் தகப்பன் திருத்திய வயலில் தானே குத்தகைக்காரனாக நின்ற பர்மிய உழவனுக்கு இந்த வேறுபாட்டால் என்ன ஆறுதல் கிடைத்திருக்கும்? விடுதலை பெற்ற பர்மா அந்த நிலங்களை எடுத்து உழுபவர்களுக்குக் கொடுக்க முனைந்ததை அநீதி என்று நான் சொல்ல மாட்டேன். நம் நாட்டிலும் அதே ஆண்டுகளில் ஜமீன்தாரி ஒழிப்புச் சட்டங்கள் வந்தன.

எடுப்பது நியாயம் என்று ஒப்புக்கொண்ட பின்னும், எடுத்ததற்கு ஈடு என்ன என்ற கேள்வி நிற்கிறது. பர்மியச் சட்டம் ஈட்டுத்தொகையைச் சந்தை விலையில் கணக்கிடாமல் நிலவரியின் மடங்குகளில் கணக்கிட்டது. அதன் உச்சமே 12 மடங்குதான். நியாயமான ஈடு வேண்டும் என்று தில்லி ரங்கூனிடம் எடுத்துரைத்தது உண்மை. அதே வேளையில், பல முனைக் கிளர்ச்சிகளுக்கு நடுவே தள்ளாடிக்கொண்டிருந்த பர்மியப் பிரதமர் ஊ நுவின் அரசைக் கீழே விழாமல் தாங்க வேண்டும் என்பதும் நேரு அரசின் கவலையாக இருந்தது. அந்த இரண்டு நோக்கங்களில் எது எப்போது மற்றொன்றுக்கு வழிவிட்டது என்பதைச் சொல்லும் கடிதங்கள் அமைச்சகத்தின் கோப்புகளில்தான் இருக்க வேண்டும்.

இரண்டாம் கட்டத்தில் அடிபட்டவர்கள் வேறு வகையினர். 1962 மார்ச் 2 அன்று ஆட்சியைக் கைப்பற்றிய ஜெனரல் நே வின் அரசு, 1963 பிப்ரவரியில் உள்நாட்டு, வெளிநாட்டு வங்கிகள் 24ஐயும் ஒரே நாளில் எடுத்துக்கொண்டது. 1964 மார்ச்சில் ரங்கூன் கடைகள் எடுக்கப்பட்டன. மே 17 அன்று 50, 100 சாட் (பர்மிய நாணயம்) நோட்டுகள் செல்லாதவை என்று அறிவிக்கப்பட்டன. பெரிய நிறுவனங்களின் பணம் அதற்கு முன்பே வெவ்வேறு வழிகளில் வெளியேறத் தொடங்கியிருக்கலாம். ஆனால் வங்கியையும் நம்பாமல், ஊருக்கு அனுப்பவும் வழியில்லாமல், வீட்டுப் பானையில் நோட்டாகச் சேர்த்து வைத்திருந்தவர்கள் துணிக்கடைக்காரர், இட்லிக்கடைக்காரர், சலவைத் தொழிலாளி, துறைமுகக் கூலி ஆகியோர்தாம். அவர்களிடம் கடன் வாங்கி நிலத்தை இழந்த பர்மியக் குடியானவன் எவனும் இல்லை. இந்த இரண்டு கூட்டத்தாரையும் ‘பர்மா சொத்து’ என்ற ஒரே தலைப்பில் போட்டுக் கட்டிவிடுவது பெரும் பிழை. பர்மாக்காரர்கள் என்றாலே வட்டிக்கடைப் பெருந்தனக்காரர்கள் என்ற எண்ணம் பொதுவாக இருந்ததால்தான், மற்றவர்களின் இழப்பு யார் கண்ணிலும் படாமல் போயிற்று என்று நான் நினைக்கிறேன்.

என் தாத்தா அந்த மற்றவர்களில் ஒருவர். 1942இல் ஜப்பானியர் வந்தபோது லட்சக்கணக்கானோர் நடந்தே தாயகம் திரும்பினார்களே, அவர்களுள் அவரும் இருந்தார். போர் முடிந்ததும் திரும்பிப் போய் ரங்கூனில் சிறிய துணிக்கடை ஒன்றை வைத்தார். 1964இல் குடும்பத்தோடு கப்பலேறிச் சென்னைத் துறைமுகத்தில் இறங்கும்போது அவர் கையில் இருந்தது இரண்டு மாற்றுத் துணியும் கடைச் சரக்கின் இருப்புப் பட்டியலும் மட்டுமே. ஓர் அரசு அலுவலகத்தில் கொடுத்த படிவத்தில் அந்தப் பட்டியலைப் பார்த்து ஒவ்வொரு பொருளுக்கும் விலை எழுதிக் கொடுத்தாராம். ஒரு பதிவு எண் தரப்பட்டது. அவர் இறக்கும் வரை அந்த எண்ணுக்குப் பதில் எதுவும் வரவில்லை. ஏதோ ஓர் எழுத்தரின் மேல் குறை சொல்வதற்காக இதை நான் எழுதவில்லை. எண் கொடுத்த அரசு அந்த எண்ணை எங்கே வைத்திருக்கிறது என்பதே என் கேள்வி.

இந்தக் கேள்வியை ரங்கூனிடம் கேட்காமல் தங்களிடம் கேட்பதற்குப் பன்னாட்டுச் சட்டத்திலேயே காரணம் இருக்கிறது. வெளிநாட்டு அரசு ஒன்று தன் சொத்தை எடுத்துக்கொண்டால், தனிமனிதர் ஹேக் நீதிமன்றத்தின் படியேற முடியாது. அவருடைய நாடுதான் ஏற முடியும். பாலஸ்தீனத்தில் ஒரு கிரேக்கக் குடிமகனுக்கு இருந்த ஒப்பந்த உரிமைக்காக கிரேக்கம் பிரிட்டன் மீது தொடுத்த வழக்கில், 1924இல் அன்றைய நிரந்தரப் பன்னாட்டு நீதிமன்றம் சொன்னது இதுதான்: குடிமகனின் வழக்கை ஓர் அரசு கையில் எடுக்கும்போது அது உண்மையில் தன் சொந்த உரிமையையே நிலைநாட்டுகிறது. 1970இல் பார்சிலோனா டிராக்‌ஷன் வழக்கில் பன்னாட்டு நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போய், பாதுகாப்புத் தருவதா, எந்த அளவுக்குத் தருவது, எப்போது நிறுத்துவது என்பதையெல்லாம் அந்த அரசே முடிவு செய்யலாம் என்றது. அதாவது என் தாத்தாவின் துணிக்கடை மீதான கோரிக்கை, அவர் கப்பலை விட்டு இறங்கிப் படிவத்தைக் கொடுத்ததும் இந்தியாவின் கோரிக்கையாகிவிட்டது. அதை வலியுறுத்தவும், பேரத்தில் ஒரு காயாக நகர்த்தவும், மறந்துவிடவும் முழு அதிகாரம் தில்லிக்கு இருந்தது. அவ்வளவு அதிகாரம் பெற்றவர் கணக்குக் காட்டும் கடமையிலிருந்து மட்டும் எப்படி விலக முடியும்?

உலகப் போருக்குப் பிந்திய ஆண்டுகளில் வேறு நாடுகள் இதை எப்படிக் கையாண்டன என்பதைத் தங்கள் சட்டப் பிரிவு என்னைவிட நன்றாக அறியும். கிழக்கு ஐரோப்பாவில் ஆலைகளும் சுரங்கங்களும் நாட்டுடைமையானபோது, ஒவ்வொரு உரிமையாளருக்கும் தனித்தனியே வாதாடுவதற்குப் பதிலாக, ஒட்டுமொத்தமாக ஒரு தொகையைப் பெற்று உள்நாட்டு ஆணையம் ஒன்றின் வழியே பங்கிடும் முறை வழக்கத்துக்கு வந்தது. 1948இல் யூகோஸ்லாவியா அமெரிக்காவுக்கு 1 கோடியே 70 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டது. பிரிட்டன் 1950இல் இதற்கென்றே சட்டம் இயற்றி ஆணையம் அமைத்தது. சீனாவுடன் 1979இல் அமெரிக்கா செய்துகொண்ட உடன்பாட்டில் 8 கோடியே 5 லட்சம் டாலர் கிடைத்தது. சான்றளிக்கப்பட்ட இழப்பில் அது நூற்றுக்கு 41 பங்குதான். முழுத்தொகை எங்குமே கிடைப்பதில்லை, நாங்களும் அதை எதிர்பார்க்கவில்லை. என் மனத்தைத் தைப்பது கியூபாவின் கதை. 1959க்குப் பின் அங்கே எடுக்கப்பட்ட அமெரிக்கச் சொத்துகளுக்கு இன்றுவரை ஒரு காசும் வரவில்லை. ஆயினும் 5,913 கோரிக்கைகளை அந்நாட்டு ஆணையம் ஒவ்வொன்றாக விசாரித்து, ஏறத்தாழ 190 கோடி டாலர் என்று மதிப்பிட்டு, ஆண்டுக்கு நூற்றுக்கு 6 வட்டியும் சேர்த்துச் சான்றளித்து வைத்திருக்கிறது. பணம் வராவிட்டாலும் எண்ணியாவது வைத்தார்கள். பர்மாவில் இந்தியர் இழந்தது எவ்வளவு என்பதற்கு அப்படிச் சான்றளிக்கப்பட்ட பட்டியல் ஒன்றை நான் எங்கும் கண்டதில்லை.

பர்மாவே இதே காலத்தில் ஈடு கேட்டுப் பெற்ற நாடு என்பதையும் இங்கே நினைவூட்ட வேண்டும். போர்க்கால அழிவுக்காக ஜப்பானிடமிருந்து 1954 நவம்பர் உடன்பாட்டின்படி 20 கோடி டாலர் இழப்பீட்டையும், 5 கோடி டாலர் பொருளாதார ஒத்துழைப்பையும் அது பெற்றது. அது போதாது என்று வாதாடி 1963இல் மேலும் 14 கோடி டாலருக்கு ஒப்புதல் வாங்கியது. பலூச்சாங் நீர்மின் நிலையம் அந்தப் பணத்தில் எழுந்ததுதான். இந்தியாவோ 1952 ஜூனில் ஜப்பானுடன் தனியாகச் செய்துகொண்ட அமைதி உடன்பாட்டில் இழப்பீடு கோரும் உரிமையை முற்றிலுமாக விட்டுக்கொடுத்தது. அந்தப் பெருந்தன்மையை நான் மதிக்கிறேன். ஆனால் ரங்கூனிலும் மோல்மேனிலும் குண்டுவீச்சில் கடையிழந்த தமிழரிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை என்பதும் உண்மை.

பெருந்தன்மைக்கு எதிரான உதாரணம் ஒன்றும் பர்மாவிலிருந்தே கிடைக்கிறது. 1942இல் ஜப்பானியர் கையில் சிக்கக் கூடாதென்று பிரிட்டிஷ் படை தானே பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்க் கிணறுகளையும் கிடங்குகளையும் அழித்தது. அரசு ஈடு தர வேண்டும் என்று 1964இல், அன்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது; மறு ஆண்டே பிரிட்டிஷ் நாடாளுமன்றம் போர் அழிவுச் சட்டத்தை முன்தேதியிட்டு இயற்றி அந்தத் தீர்ப்பைச் செல்லாமல் ஆக்கியது. பாராட்டத்தக்க செயலன்று அது. இருந்தும் அந்த நிறுவனத்துக்கு நீதிமன்றம் கேட்டது, நாடாளுமன்றம் வெளிப்படையாக விவாதித்தது, யார் என்ன சொன்னார்கள் என்பது அச்சில் இருக்கிறது. எங்கள் விஷயத்தில் அந்த அளவு வெளிச்சம்கூட விழவில்லை.

நம் நாட்டிலேயே முன்னுதாரணம் இருப்பதால்தான் இந்த மௌனம் எனக்குப் புரியவில்லை. 1965 போரின்போது இந்தியாவும் பாகிஸ்தானும் ஒன்றின் குடிமக்கள் சொத்தை மற்றொன்று எடுத்துக்கொண்டன. அவற்றைத் திருப்பித் தருவது பற்றிப் பேசுவோம் என்று 1966 தாஷ்கண்ட் அறிக்கை சொன்னது. பேச்சு பயன் தரவில்லை. பாகிஸ்தானில் சொத்திழந்த இந்தியர்களுக்கு, 1971இல் இந்திய அரசு தன் கஜானாவிலிருந்தே, சரிபார்க்கப்பட்ட மதிப்பில் நூற்றுக்கு 25 பங்கை, 25 லட்சம் ரூபாய் உச்சவரம்புக்கு உட்பட்டுக் கருணைத்தொகையாக வழங்க முன்வந்தது. அது எதிரி நாடு, இது நட்பு நாடு என்று தங்கள் அமைச்சகம் வேறுபாடு காட்டக்கூடும். அங்கே இந்தியர் என்பதற்காக எடுத்தார்கள், பர்மாவில் எல்லாருக்கும் பொதுவான சோஷலிசச் சட்டத்தின்படி எடுத்தார்கள் என்றும் கூறக்கூடும். பொதுச் சட்டம் என்பதாலேயே ஈடு தேவையில்லை என்று அக்காலப் பன்னாட்டு நெறி சொல்லவில்லை. 1962 டிசம்பர் 14 அன்று ஐ.நா. பொதுச்சபை நிறைவேற்றிய 1803ஆம் தீர்மானம், நாட்டுடைமையாக்கும் உரிமையை முழுமையாக ஏற்றுக்கொண்டு, தகுந்த ஈடு தர வேண்டும் என்றும் அதே மூச்சில் சொன்னது. 87 நாடுகள் ஆதரித்தன. வாக்களிக்காமல் விலகி நின்ற 12 நாடுகளுள் பர்மாவும் ஒன்று. ரங்கூன் வங்கிகள் எடுக்கப்பட்டது அதற்கு ஏறத்தாழ பத்து வாரங்களுக்குப் பின்.

அன்றைய அரசின் இக்கட்டு எனக்குப் புரியாமல் இல்லை. 1962இல் சீனாவிடம் பட்ட அடி ஆறாத காலம் அது. வடகிழக்கில் நாகர் கிளர்ச்சி நடந்துகொண்டிருந்தது. பர்மா சீனாவின் பக்கம் சாய்ந்துவிடக் கூடாது. எல்லையும் வரையறுக்கப்படாமல் இருந்தது. 1964 செப்டம்பரில் வெளியுறவு அமைச்சர் ஸ்வரண் சிங் ரங்கூன் போனார், 1965இல் நே வின் தில்லி வந்தார், 1967 மார்ச்சில் எல்லை உடன்பாடு கையெழுத்தானது. துணிக்கடைக் கணக்கை முன்னே வைத்து இவற்றைக் கெடுக்க வேண்டாம் என்று ஒருவர் முடிவு செய்திருந்தால், நாட்டின் நலன் கருதி அது சரியான முடிவாகவும் இருந்திருக்கலாம். ஆனால் நாட்டு நலனுக்காக ஒருவரின் சொத்து விட்டுக்கொடுக்கப்பட்டால், அது பொதுக் காரியத்துக்காக எடுக்கப்பட்ட சொத்தாகிறது. சாலைக்காக எடுத்த நிலத்துக்குக் கொடுப்பதைப் போல அதற்கும் பொதுப்பணத்திலிருந்து ஈடு கொடுப்பதே முறை.

இது என் சொந்தக் கற்பனையன்று. பிரெஞ்சுக் கப்பல்கள் கொள்ளையிட்ட சரக்குகளுக்காகத் தன் வணிகர்கள் கேட்ட ஈட்டை, 1800இல் பிரான்சுடன் செய்துகொண்ட உடன்பாட்டில் அமெரிக்கா கைவிட்டது. பதிலுக்குப் பழைய கூட்டணி ஒப்பந்தச் சுமையிலிருந்து விடுபட்டது. வணிகர்களும் அவர்கள் பிள்ளைகளும் பேரர்களும் தலைமுறை தலைமுறையாக மனுக்கொடுத்தார்கள். 1885இல்தான் அமெரிக்கக் காங்கிரஸ் அவற்றை விசாரிக்கும் பொறுப்பைக் கோரிக்கை நீதிமன்றத்துக்கு அளித்தது. மறு ஆண்டு அந்த நீதிமன்றம், குடிமக்களின் உரிமையைக் கொடுத்து அரசு தனக்கு ஆதாயம் பெற்றதால் ஈடு தரும் கடமை அரசுக்கே உண்டு என்றது. 85 ஆண்டுகள் கழித்துக் கணக்குத் திறக்கப்பட்டிருக்கிறது. 1964ஐக் கணக்கிட்டால் நமக்கு இன்னும் அவ்வளவு காலம் ஆகவில்லை.

திரும்பி வந்தவர்களுக்கு அரசு எதுவும் செய்யவில்லை என்று நான் சொன்னால் அது நன்றி கொன்றதாகும். கப்பல்கள் அனுப்பப்பட்டன; தமிழகத்தின் பல ஊர்களில் பர்மா காலனிகள் எழுந்தன; தொழில் தொடங்கக் கடன் கிடைத்தது; பர்மா, இலங்கை இரு நாடுகளிலிருந்தும் வந்தவர்களுக்காக 1969இல் சென்னையில் ரெப்கோ வங்கி தொடங்கப்பட்டது. சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்தின் எதிரே பர்மா பஜார் நிலைத்தது அவர்கள் உழைப்பால். ஆனால் மறுவாழ்வுக் கடன் வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டியது. இழந்தவன் தன் சொத்துக்கு ஈடு பெறுவதற்குப் பதிலாகப் புதிய கடனாளி ஆனான். இரண்டையும் ஒன்றாக வைத்து ‘நிவாரணம்’ என்று கணக்கெழுதுவது எந்தப் பேரேட்டிலும் ஒப்பாது.

ஆகவே தங்களிடம் கேட்பது இவ்வளவே. நில நாட்டுடைமை, வங்கி நாட்டுடைமை, நோட்டுச் செல்லாமை ஆகியவை பற்றி 1948 முதல் ரங்கூனுடன் நடந்த பேச்சுவார்த்தைகளின் கோப்புகளை முழுமையாகத் தேசிய ஆவணக் காப்பகத்துக்கு மாற்றித் திறந்துவிட வேண்டும். இருபது ஆண்டுகளைக் கடந்த நிகழ்வுகளின் தகவலைச் சில விலக்குகளுக்கு உட்பட்டுத் தர வேண்டும் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(3)ஆம் பிரிவே சொல்கிறது. திரும்பி வந்தவர்கள் கொடுத்த கோரிக்கைப் படிவங்களின் பதிவேடு எந்த அறையில் எந்த நிலையில் இருந்தாலும் அதைக் கண்டுபிடித்துப் பெயர், ஊர், பதிவு எண்ணோடு வெளியிட வேண்டும். அதன் பிறகு, 1971 திட்டத்தைப் போன்ற ஒரு கருணைத்தொகைத் திட்டத்தை நிலைக்குழு பரிசீலிக்க வேண்டும். அதில் உச்சவரம்பு இருக்கட்டும். ஆயிரக்கணக்கான ஏக்கர் வயலை இழந்த விலாசங்கள் (நகரத்தார் நிறுவனங்கள்) கடைசியில் நிற்கட்டும், அல்லது அவர்களே விரும்பி விலகிக்கொள்ளட்டும். 1964இல் கடையையும் நோட்டையும் இழந்தவர்கள் முதலில் நிற்க வேண்டும். தொகையின் அளவைப் பற்றி இப்போது நான் எதுவும் சொல்லவில்லை, பட்டியல் இல்லாமல் தொகையைப் பேசுவது முறையன்று.

தாமதிக்க வேண்டாம் என்று கேட்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 1964இல் பத்து வயதுப் பிள்ளையாகக் கப்பலில் வந்தவருக்கு இன்று எழுபது கடந்துவிட்டது. கடை எந்தத் தெருவில் இருந்தது, பக்கத்துக் கடை யாருடையது என்று சாட்சி சொல்லக்கூடியவர்கள் அவர்கள்தாம். பழைய தமிழ் எண்களில் எழுதிய பேரேட்டையும் பர்மிய மொழியிலுள்ள வரி ரசீதையும் வாசிக்கத் தெரிந்தவர்களும் எங்கள் காலனியில் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே மிஞ்சியிருக்கிறார்கள். என் தாத்தாவின் படிவத்துக்குக் கொடுக்கப்பட்ட எண் சிவப்புப் பென்சிலில் எழுதிய ஐந்து இலக்க எண். அந்தச் சீட்டு இன்றும் எங்களிடம் இருக்கிறது. அந்த எண்ணுக்கு நேரே தங்கள் பதிவேட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதை எழுத்து மூலம் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
பர்மாவிலிருந்து திரும்பிய குடும்பமொன்றின் பேரன்